எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை

புனேவில் இருக்கும் நம்மவர்களுக்குக் கடக்வாஸ்லா என்றால் அணை, சுட்ட மக்காச்சோளம், மழைக்கால டிராஃபிக். அதே பக்கத்தில்தான் தேசிய பாதுகாப்பு அகாடமியும் இருக்கிறது. 1955 ஜனவரியில் டேராடூனிலிருந்து இங்கே இடம் மாறி வந்தது. முப்படைக்கும் அதிகாரிகளாகப் போகிற பையன்கள் (2022-லிருந்து பெண்களும்) மூன்று வருஷம் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். அதுவரை ஸ்கூல் பை மட்டும் தூக்கிய கால்கள் அவை. திடீரென்று அந்தக் கால்களிடம் அவ்வளவு வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். அதைக் கண்டுபிடிக்க உலகம் எவ்வளவு சுற்றியது என்பது அதை விடப் பெரிய கதை.

1855-ல் பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அடிபடவில்லை, விழவில்லை, ஆனால் கால் வைக்க முடியவில்லை. அப்போது எக்ஸ்ரேயே கிடையாது. ராண்ட்கன் அதைக் கண்டது 1895-ல். இரண்டே வருஷத்தில், 1897-ல், அந்தப் பாத வீக்கத்துக்குள் எலும்பு முறிவு இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. "மார்ச் ஃப்ராக்சர்" என்று பெயரும் வந்தது. இன்றைக்கு நாம் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறோம்.

ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடைப்போமே, அதே சமாச்சாரம்தான். என்ன, எலும்பு கம்பி மாதிரி சும்மா இருக்காது. தேய்ந்த இடத்தை அரித்து எடுத்துவிட்டுப் புதுசாகக் கட்டும். அரிக்கிற ஆள் வேகமாக வருவான், கட்டுகிற கொத்தனார் மெதுவாக வருவார் (கான்ட்ராக்டர் விட்டு வீடு கட்டியவர்களுக்குப் புரியும்). இந்த இடைவெளியில் தினமும் ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விடும்.

எக்ஸ்ரேயின் சிக்கல் என்னவென்றால், அந்த மயிரிழை முதலில் அதில் தெரியவே தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, ஆறத் தொடங்கிய எலும்பு தடிக்கும்போதுதான் மங்கலாக ஒரு கோடு வரும். சில சமயம் அதுவும் வராது. வலி நிஜம், படம் சுத்தம். இதனால் "வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான்" என்று திட்டு வாங்கிய சிப்பாய்கள் எத்தனை பேரோ!

சரி, எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைப் பார்க்கிறது. அந்த எலும்பு இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வழி உண்டா?

அதற்கு விதை போட்டவர் ஹங்கேரிக்காரர் ஜார்ஜ் டி ஹெவெஸி. ஒரு பொருளின் கதிரியக்க அணுவும் சாதாரண அணுவும் வேதியியலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அப்படியானால் துளியூண்டு கதிரியக்கத்தைக் கலந்துவிட்டால், அது போகிற இடமெல்லாம் பின்தொடரலாமே? 1913-லேயே ஈயத்தை வைத்து இதைச் செய்து பார்த்தார், 1923-ல் செடிகளில் செய்தார், 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் இதற்குத்தான். மான்செஸ்டரில் தங்கியிருந்த வீட்டு அம்மா மிச்சச் சாப்பாட்டையே திரும்பப் பரிமாறுகிறார் என்று சந்தேகப்பட்டு, தட்டில் மிச்சம் வைத்ததில் கதிரியக்கப் பொருளைக் கலந்து, சில நாள் கழித்து வந்த உணவில் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார் என்று ஒரு கதை உண்டு. மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இந்த மனிதரை இதற்காகவே பிடிக்கும்.

எலும்புக்கு ஆரம்பத்தில் கிடைத்தது ஸ்ட்ரான்ஷியம்-85. கால்சியத்தின் பங்காளி என்பதால் எலும்பு அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் அரை ஆயுள் 65 நாள். உடம்பில் போனால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், அதனால் மிகக் குறைவாகத்தான் கொடுக்கலாம். குறைவாகக் கொடுத்தால் படம் சுமார். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் இதைத் துணிந்து செய்தார்கள். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற, கால் வலிக்கிற ஓட்டக்காரப் பிள்ளைக்கு இதை யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

கதையை மாற்றியது டெக்னீசியம். தனிம அட்டவணையில் 43-ஆவது கட்டம் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. அமெரிக்காவில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் அடிபட்டுப் பழசான மாலிப்டினத் தகடு ஒன்றை இத்தாலியின் பலெர்மோவுக்கு அனுப்பினார்கள். அதற்குள்ளிருந்து 1937-ல் செக்ரேயும் பெரியேயும் இந்தத் தனிமத்தைப் பிரித்தார்கள். மனிதன் செயற்கையாகச் செய்த முதல் தனிமம். பெயரின் அர்த்தமே "செயற்கை"தான்.

இதில் டெக்னீசியம்-99எம் என்ற வகைக்கு அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் ஊசி போட்டால் மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். சிறுநீரில் போவது தனிக் கணக்கு. வெளிவரும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடம்பை விட்டு வெளியே வரப் போதும், கேமராவில் பிடிபடவும் சரியாக இருக்கும். யாரோ ஆர்டர் கொடுத்துச் செய்த மாதிரி!

ஆறு மணி நேரத்தில் பாதி கரைகிற சரக்கை எப்படி ஊர் ஊராக அனுப்புவது? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் 1950-களின் கடைசியில் வழி கண்டார்கள். தாய்ப் பொருளான மாலிப்டினம்-99-ஐ ஒரு குழாயில் அடைத்து அனுப்பிவிடு. அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது உள்ளே சிதைந்து சிதைந்து டெக்னீசியமாக மாறும். தினமும் காலையில் உப்புத் தண்ணீர் விட்டு டெக்னீசியத்தை மட்டும் கழுவி எடுத்துக்கொள். இந்தத் துறைக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பசு என்பார்கள், எடுப்பதைப் பால் கறப்பது என்பார்கள். ஒரு வாரம் கறந்தால் பசு வற்றிவிடும், அடுத்த பசு வரவேண்டும். இதற்குக் காப்புரிமை எடுக்கிற அளவுக்கு வியாபாரம் இருக்காது என்று அன்றைய அமெரிக்க அணுசக்தி ஆணையம் நினைத்ததாம். பிறகு உலகத்தில் அதிகம் பயன்படும் மருத்துவ ஐசோடோப் இதுதான் ஆனது. ஏறக்குறைய அதே வருஷங்களில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் காமா கேமராவைச் செய்து முடித்திருந்தார்.

பாலும் ரெடி, கேமராவும் ரெடி. டெக்னீசியத்தை எலும்புக்கு அழைத்துப் போக ஒரு வாகனம் மட்டும் பாக்கி.

இங்கேதான் ஒரு பெயரைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1971-ல் ரேடியாலஜி இதழில் ஒரு சின்னக் கட்டுரை. டெக்னீசியத்தைப் பாஸ்பேட் சேர்மத்தோடு கட்டி எலும்புக்கு அனுப்பலாம் என்று காட்டியது. எழுதியவர்கள் ஜி. சுப்ரமணியன், ஜே. ஜி. மெக்காஃபி. நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸில் வேலை பார்த்த கோபால் சுப்ரமணியன்! மயிலாப்பூர் மாட வீதியில் சத்தமாகக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புகிற பெயர். 1975-ல் அதே குழு எம்டிபி என்ற இன்னும் மேலான சேர்மத்தைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் புனேவில், சென்னையில், யாழ்ப்பாணத்துக்காரர் வாழும் டொராண்டோவில், யாருக்கு போன் ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஊசியில் போவது அந்த எம்டிபிதான். பாகப்பிரிவினை மாதிரி அவர் என்ன ஊர், எந்தத் தெரு என்று நாம் ஆராய வேண்டாம், வேலையைப் பார்ப்போம்.

புதுசாக எலும்பு கட்டப்படுகிற இடத்தில் சுண்ணாம்புப் படிகங்கள் திறந்து கிடக்கும். பாஸ்பேட் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், கூடவே டெக்னீசியமும். ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்து கேமராவுக்கு அடியில் படுத்தால், கொத்தனார் வேலை நடக்கிற இடம் கரும்புள்ளியாகத் தெரியும். எக்ஸ்ரே வாரக்கணக்கில் காத்திருந்து சொல்வதை இது ஓரிரு நாளில் சொல்லும். 1976-லேயே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரை முன்கூட்டிக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்திய கட்டுரை வந்துவிட்டது. 1987-ல் இஸ்ரேலிய ராணுவ வீரர்களின் ஸ்கேன்களை வைத்து நான்கு நிலைகளாகத் தரம் பிரித்தார்கள். சும்மா முன்னங்கால் வலியா (ஷின் ஸ்ப்ளின்ட் என்பார்கள்), நிஜமான விரிசலா என்று பிரித்துச் சொல்லவும் முடிந்தது. முதலாவதில் நிழல் எலும்பின் ஓரமாக நீளமாகப் படரும், இரண்டாவதில் ஒரே இடத்தில் குண்டாகக் குவியும்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1956-ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை வந்தது, ஐசோடோப் தயாரிப்பும் தொடங்கியது. 1961-ல் டெல்லியில் பாதுகாப்புத் துறை அணு மருத்துவத்துக்கென்றே இன்மாஸ் நிறுவனத்தை வைத்தது. 1963-ல் பம்பாய் பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் வந்தது. இந்தத் துறையில் ராணுவத்தின் கை ஆரம்பத்திலிருந்தே இருப்பதைக் கவனியுங்கள். நம் புனேவில் 1948-ல் தொடங்கிய ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் விளையாட்டு மருத்துவத்துக்குத் தனித் துறையே உண்டு. 2001-ல் ராணுவ விளையாட்டு நிறுவனமும் இங்கேதான் வந்தது. அங்கேயுள்ள மைதானத்துக்கு 2021-ல் நீரஜ் சோப்ரா பெயர் வைத்தார்கள். கால் வீங்கிய சிப்பாயும் ஈட்டி எறிகிற வீரரும் ஒரே ஊரில், ஒரே கதையில்.

போன் ஸ்கேனுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. விரிசல், கிருமித் தொற்று, கட்டி, மூட்டுத் தேய்மானம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கரும்புள்ளிதான். அதுவும் இரண்டு பரிமாணப் படம். தெருவில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெரியும், எந்த வீடு, என்ன விசேஷம் என்று தெரியாது. முதுகெலும்பில் இது ரொம்பவே தொல்லை.

முதுகெலும்பு என்றதும் கிரிக்கெட். வேகப்பந்து வீச்சாளர் ஒவ்வொரு பந்துக்கும் இடுப்பை வளைத்து, முறுக்கி, முன்காலில் மொத்த எடையையும் இறக்குகிறார். முள்ளெலும்பின் பின்பக்கம் ஒரு மெல்லிய பாலம் இருக்கிறது. விரிசல் அங்கே, பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். 1973-ல் மேற்கிந்தியத் தீவுகள் டூரில் டென்னிஸ் லில்லி இதில்தான் விழுந்தார். வாரக்கணக்கில் உடம்பில் மாவுக்கட்டு. அவர் கதை முடிந்தது என்றவர்கள் 1974-75 ஆஷஸில் வாயை மூடிக்கொண்டார்கள். நம் காலத்தில் பும்ரா. 2019-ல் ஒரு முறை, 2022-ல் மறுபடி, டி20 உலகக் கோப்பையே போனது. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆகஸ்டில்தான் திரும்ப வந்தார். கோடிக்கணக்கில் பணமும் வாசலில் டாக்டர்களும் இருக்கிற ஆளுக்கே இந்தக் கதி. லீக் மேட்ச், ஸ்கூல் மேட்ச், அகாடமி என்று வாரத்துக்கு ஆறு நாள் வீசுகிற பதினாலு வயசுப் பையனை யார் எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள்?

இந்தப் பாலத்தைப் பார்க்க உதவியது ஸ்பெக்ட். காமா கேமராவைச் சுற்றிச் சுழலவிட்டு, கிடைத்த படங்களிலிருந்து கணினி குறுக்குவெட்டுகளைக் கட்டி எழுப்பும். (ஹிஞ்சேவாடியில் என் பிழைப்பே இந்த மாதிரிப் படங்களைக் கட்டுகிற மென்பொருள்தான். டாக்டர் இல்லை, மருந்தெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.) சாதாரணப் போன் ஸ்கேனில் தப்பிய விரிசல் இதில் மாட்டியது. இருந்தாலும் படம் மங்கல்தான். அப்போதுதான் 1990-களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் புரூஸ் ஹாசெகாவா, ஸ்பெக்ட்டையும் சிடி ஸ்கேனையும் ஒரே மேஜையில் சேர்த்துப் பார்த்தார். சிடி தெரு மேப் கொடுக்கும், ஸ்பெக்ட் விளக்கைக் காட்டும். ஆள் அசையாமல் படுத்திருக்க, ஒன்றன் மேல் ஒன்றைப் பொருத்தினால் வீட்டு நம்பரே கிடைக்கும். 1998-ல் டேவிட் டவுன்செண்டும் ரொனால்ட் நட்டும் பெட்-சிடியைப் பிட்ஸ்பர்க்கில் நிறுவினார்கள். டைம் பத்திரிகை 2000-ல் அதை ஆண்டின் கண்டுபிடிப்பு வரிசையில் வைத்துக் கொண்டாடியது. இந்தியாவுக்கு பெட் வந்தது 2002-ல் பரேலில், பெட்-சிடி 2004-ல் டாடா மெமோரியலில்.

பெட்டுக்குப் பயன்படும் ஃப்ளோரின்-18-க்கு அரை ஆயுள் 110 நிமிஷம். மும்பையில் ஒரு குப்பி கிளம்பி, எக்ஸ்பிரஸ்வேயில் கண்டாலா காட் ஜாமில் மாட்டி மூன்று மணி நேரத்தில் புனே வந்தால், மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். லோனாவாலாவில் டிரைவர் வடா பாவ் சாப்பிட நிறுத்தினால் அதற்கும் ஐசோடோப்தான் விலை. பெட்டுக்கு முதல் நாள் உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? உழைத்த தசை சர்க்கரையை இழுக்கும், படம் முழுக்கத் தசை ஒளிரும். 1999-ல் ஜப்பானில் இதையே திருப்பிப் போட்டு, ஓடினவர்களைப் பெட்டில் படுக்கவைத்து ஓட்டத்தில் எந்தெந்தத் தசை உழைக்கிறது என்று பார்த்தார்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பில் 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே வலி. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றும் இல்லை, ஓடட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் நொண்ட ஆரம்பித்தாள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் எலும்பை விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரே புள்ளியில் அழுத்தினார், பிள்ளை துள்ளிவிட்டாள். எம்ஆர்ஐ அல்லது போன் ஸ்கேன் என்றார். போன் ஸ்கேன் என்றால் கதிரியக்க ஊசி என்று விளக்கினார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, விடவில்லை. "என்னல, அணு கிணுன்னு சொல்லுதாரு? பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம்ல." தங்கமணியும் மாமியாரோடு சேர்ந்துகொண்டார் (வரலாற்றில் முதல் முறை).

அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. போன் ஸ்கேனில் ஒருவர் பெறுவது சுமார் 3 முதல் 5 மில்லிசீவர்ட். பூமியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சராசரியாக வருஷத்துக்கு 2.4 வரும். ஆக ஒன்றிரண்டு வருஷத்து இயற்கைக் கதிர்வீச்சு ஒரே நாளில். சிடி சேர்ந்தால் இன்னும் கூடும். தேவை இருந்தால் தயங்க வேண்டிய அளவில்லை, தேவை இல்லாமல் வளரும் பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது. போதாக்குறைக்கு, வளர்கிற வயசில் எலும்பு நுனிகள் இயல்பாகவே ஒளிரும், படிப்பதும் கஷ்டம். இன்றைக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சந்தேகம் என்றால் முதலில் கேட்பது எம்ஆர்ஐதான். அதில் கதிரியக்கமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், எம்ஆர்ஐயின் ஆதிப் பெயரில் "நியூக்ளியர்" இருந்தது. ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று 1980-களில் அந்த வார்த்தையைக் கழற்றிவிட்டார்கள்.

எம்ஆர்ஐ எடுத்தோம். கீழ்க்கால் எலும்பில் விரிசலின் ஆரம்பம். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது, நீச்சலும் சைக்கிளும் மட்டும். டாக்டர் கால் பற்றிக் கேட்டதை விட அதிகமாக, என்ன சாப்பிடுகிறாள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றுதான் கேட்டார். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண் பிள்ளைகளுக்கு முதலில் விலக்கு தள்ளிப்போகும், பிறகு எலும்பு மெலியும், அப்புறம் விரிசல். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனிப் பெயரே கொடுத்தது, ஆண்களுக்கும் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னது. காலையில் ஒரு காபியோடு மைதானத்துக்கு ஓடுகிற பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! விலக்கு தள்ளிப்போனால் "நல்லதாப் போச்சு, போட்டி நேரத்தில் தொந்தரவில்லை" என்று சந்தோஷப்படுகிற அம்மாக்களை மைதானத்தில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் சுப்ரமணியனின் ஊசிக்கு வேலை போய்விட்டதா? இல்லை. எங்கே வலிக்கிறது என்றே தெளிவாகச் சொல்ல முடியாதபோது தலை முதல் கால் வரை ஒரே தடவையில் தேட, பாதத்தின் சின்னச் சின்ன எலும்புகளில் எது குற்றவாளி என்று பிடிக்க, உடம்பில் பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது இருந்து எம்ஆர்ஐக்குள் போக முடியாதவர்களுக்கு, இன்னும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பசுவுக்குத் தீனி உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய உலைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்றது, 2010-ல் அது திரும்புவதற்குள் ஹாலந்தின் பெட்டன் உலையும் பழுதுக்காக நின்றது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் ஸ்கேன்களைத் தள்ளிப்போட்டன. கனடா உலை 2018-ல் ஒரேயடியாக மூடப்பட்டது. அதே 2018-ல் டிராம்பேயில் பழைய அப்சராவுக்குப் பதில் புதிய அப்சரா-யு இயங்கத் தொடங்கியது, ஐசோடோப் தயாரிப்பு அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

இந்த ஸ்கேன் இப்போது நம் வீடுகளுக்கு வருவது பிள்ளைகள் வழியாக மட்டும் இல்லை. ஊரிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் அப்பா அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்து, இரண்டு வருஷம் கழித்தும் வலி போகவில்லை என்றால், உலோகத்துக்குப் பக்கத்தில் எம்ஆர்ஐ படம் கலங்கிப்போகும். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் பிடி தளர்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் என்று ஸ்பெக்ட்-சிடி காட்டும். ஆபரேஷன் ஆன முதல் வருஷத்தில் அந்த இடம் எப்படியும் ஒளிரும் என்பதால் அப்போது எடுத்துப் பெரிதாகப் பயனில்லை. டாக்டரிடம் போகும்போது ஆபரேஷன் தேதி எழுதிய பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.